தோல் கணக்கில் எழுதப்படாத பெயர்கள்

அமெரிக்காவின் தொடக்ககாலத் தோல் பதனிடும் நிறுவனங்கள் விட்டுச்சென்ற பேரேடுகள் இன்று ஆவணக் காப்பகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. வாங்கிய பச்சைத்தோல், வந்திறங்கிய மரப்பட்டை, விற்ற அடித்தோல், நிலுவைக் கடன் என அவை எண்களாகவே விரிகின்றன. தோலைத் தொட்டதற்காகத் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட மக்கள் இவ்வெண்களை வாசிக்க வேண்டியுள்ளது.

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் சாடோக் பிராட் 1824இல் தொழிற்சாலை தொடங்கினார். தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த மாட்டுத்தோல்கள் ஹெம்லாக் மரப்பட்டைச் சாற்றில் மாதக்கணக்கில் ஊறி, காலணிகளுக்கான அடித்தோலாயின. சுற்றியிருந்த ஹெம்லாக் காடுகள் அழிந்தன. பிராட் தன் புகழைப் பாறையில் செதுக்க வைத்தார். அங்கே அவரது தொழிற்சாலையும் குதிரையும் உள்ளன. உழைப்பின் சின்னமாகச் சுத்தியல் ஏந்திய கை ஒன்று மட்டும் உள்ளது. அதற்கு முகம் இல்லை.

சுண்ணாம்பும் அழுகலும் துர்நாற்றமும் அங்கேயும் இருந்தன. ஆயினும் பிராட் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரானார். தோல் வணிகர் கிடியன் லீ 1833இல் நியூயார்க் நகர மேயரானார். தோல் பதனிடுபவரின் மகனான யுலிசிஸ் கிராண்ட் தந்தையின் தொழிலை வெறுத்தார், விலகினார், 1869இல் குடியரசுத் தலைவரானார். வெறுத்த தொழிலை விட்டு விலகும் உரிமையைத்தான் சாதி இங்கே பறித்தது. இழிவு தோலில் இருந்திருந்தால் கடல் கடந்தும் ஒட்டியிருக்க வேண்டும். அது பிறப்பின்மீது சுமத்தப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அதற்காக அமெரிக்காவைப் போற்றவும் இயலாது. தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களுக்கென மலிவான முரட்டுக் காலணிகளை மாசசூசெட்ஸின் காலணித் தொழில் உற்பத்தி செய்தது. அடிமைமுறையை ஏற்காத வடக்கும் அதன் ஆதாயத்தைப் பங்கிட்டுக்கொண்டது. இங்கே தொழிலின் பெயரால் நடந்த ஒடுக்குமுறை, அங்கே நிறத்தின் பெயரால் நடந்தது.

எனினும் பழைய கணக்குகளைத் திறக்கச் செய்யும் போராட்டத்தில் அங்குள்ளோர் முன்னேறியுள்ளனர். மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்யும் நிறுவனங்கள் அடிமைமுறையுடன் தமக்கிருந்த தொடர்பை வெளியிட வேண்டும் எனச் சிகாகோ 2002இல் சட்டம் இயற்றியது. அதன் விளைவாக, தன் முன்னோடி வங்கிகள் சுமார் 13,000 அடிமைகளைக் கடனுக்கு ஈடாக ஏற்றிருந்ததை ஜே.பி. மார்கன் சேஸ் 2005இல் ஒப்புக்கொண்டது. பழைய பேரேடுகளே அதற்குச் சாட்சியாயின.

இந்தியத் தோல் அந்த அமெரிக்கக் கணக்குகளுக்கு அந்நியமானதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவின் புகழ்பெற்ற ஆட்டுத்தோல் தொழிலுக்கு இந்தியாவிலிருந்தும் தோல்கள் சென்றன. அவற்றை உரித்த கைகள் யாருடையவை? இன்றும் ஏற்றுமதியில் தோலின் தரம் பதியப்படுகிறது, எடை பதியப்படுகிறது. எந்த வேலையில் எந்தச் சாதியினர் நிறுத்தப்படுகின்றனர், எந்தப் பதவியை எவர் எட்டவே முடிவதில்லை என்பதும் பதியப்பட்டாக வேண்டும். சாதியை எழுதாத கணக்கு நடுநிலையானதன்று, அது மறைப்பு.