கேளாமல் வாங்கும் கடன்



செய்து முடித்த வேலைக்கு உரிய நாளில் கூலி தராமல் இருப்பதை நம் நாட்டு அலுவலகங்களில் "இந்த மாதம் சம்பளம் கொஞ்சம் தாமதம்" என்று மென்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு கடன். கொடுப்பவனின் சம்மதம் கேளாமல், திருப்பித் தரும் நாளும் சொல்லாமல், பெரும்பாலும் தம்மைவிட ஏழையாக இருப்பவனிடமிருந்து வாங்கப்படும் கடன். சென்னையில் சரியான நிர்வாகமில்லாத சிறு கிராஃபிக்ஸ் ஸ்டூடியோக்களில் இளநிலைக் கலைஞர்களாகப் பணிபுரியும் நம் சமுதாயப் பிள்ளைகளிடம் இந்தக் கடன் எப்படி வாங்கப்படுகிறது, அதன் சுமை கடைசியில் எந்த வீட்டின் மீது இறங்குகிறது என்பதை இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு விளக்கம். கோடம்பாக்கத்தில் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் என்றால் கூட்டக் காட்சியில் நிற்கும் துணை நடிகரைக் குறிக்கும். நாம் பேசுவது கணினித் திரைக்கு முன் அமர்ந்து திரைப்படத்துக்கும் விளம்பரத்துக்கும் காட்சி வேலை செய்யும் இளைஞர்களைப் பற்றி. உருவங்களை வரைவது குறித்து மார்க்கச் சட்டத்தில் நிலவும் கருத்து வேறுபாட்டை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம். ஒருவர் எந்த வேலையில் இருந்தாலும் அவருடைய உழைப்பைப் பெற்றுக்கொண்டு கூலியை நிறுத்தி வைப்பது ஆகாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

மலையடிவாரத்திலிருந்து வடபழனிக்கு

போடிநாயக்கனூர், சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் என நீளும் நம் ஊர்களுக்கு மேற்கே நிற்பது ஏலமலை. விடிவதற்குள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போய், இருட்டிய பின் இறங்கி வரும் பெண்களின் உழைப்பில் இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. பிள்ளைகள் அந்த ஜீப்பில் ஏறக் கூடாது என்பதே இங்குள்ள தாய்மார்களின் பெரிய துஆ. 1956இல் உத்தமபாளையத்தில் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் பட்டம் பெற்ற தலைமுறையினர் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் ஆனார்கள். இன்றைய தலைமுறையில் சிலர் வரைகலை, அனிமேஷன் பயிற்சிகளுக்குச் செல்கிறார்கள். பாரதிராஜாவும் இளையராஜாவும் பிறந்த மாவட்டம் இது. சினிமாத் தொழில் இங்கே அந்நியமான ஒன்றல்ல. அகலப்பாதைப் பணிக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் நின்றுபோயிருந்த போடி ரயிலும் 2023 ஜூனில் மீண்டும் வந்து, சென்னை சென்ட்ரலுக்கு நேராகவே போகத் தொடங்கியது. உம்மாவின் வளையலை அடகு வைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டிய பிள்ளை அதில் ஏறி வடபழனிக்கோ சாலிகிராமத்துக்கோ போய்ச் சேர்கிறான்.

அங்கே அவனுக்குக் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் ரோட்டோ எனப்படுவது. நடிகரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிப்பதற்காக, ஒவ்வொரு சட்டகத்திலும் அவருடைய ஓரக்கோட்டைப் பிசகாமல் வரைய வேண்டும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் உண்டு. ஐந்து நொடிக் காட்சி என்றால் 120 முறை. காற்றில் பறக்கும் தலைமுடி இருந்துவிட்டால் ஒரு காட்சிக்கே நாள்கள் போய்விடும். கண்ணும் கழுத்தும் முதுகும் தேய்கிற வேலை இது. தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பதற்கு வேண்டிய பொறுமை இதற்கும் வேண்டும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டத்தில் நாள் முடிந்தாலோ வாரம் முடிந்தாலோ கூலி கைக்கு வரும். ஒரு தோட்டத்தில் இரண்டு வாரம் கூலி வரவில்லை என்றால் மூன்றாம் வாரம் அங்கே ஜீப் போகாது. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் மகனோ மூன்று மாதமாகச் சம்பளம் வராமலே வேலை செய்துகொண்டிருக்கிறான். உம்மா மலையிலிருந்து கொண்டுவரும் கூலியிலிருந்து அவனுடைய அறை வாடகைக்குப் பணம் போகிறது. அப்படியானால் அந்த ஸ்டூடியோவை நடத்துவதற்கு முதல் போட்டிருப்பவர் யார்? ராசிங்காபுரத்துத் தாய்தான்.

கூலி எங்கே சிக்கிக்கொள்கிறது

இந்தத் தொழில் துணை ஒப்பந்தங்களின் சங்கிலியில் இயங்குகிறது. தயாரிப்பு நிறுவனம் பெரிய ஸ்டூடியோவிடம் வேலையைக் கொடுக்கும். அது ஒரு பகுதியை நடுத்தர நிறுவனத்துக்குத் தள்ளும். அங்கிருந்து மிஞ்சுவது சந்துக்குள் பத்துப் பதினைந்து கணினிகளோடு இருக்கும் சிறு ஸ்டூடியோவுக்கு வரும். விலை முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருக்கும். திருத்தங்கள் எத்தனை முறை வரும் என்பதற்கோ பெரும்பாலும் எல்லை இராது. ஒரு காட்சிக்கு மூன்று நாள் என்று கணக்கிட்டு எடுத்த வேலை, ஐந்து முறை திரும்பி வந்து ஒன்பது நாளாகிவிட்டால், கூடுதலான ஆறு நாளுக்கு யார் கூலி கொடுப்பார்? போட்டியாளரைவிடக் குறைந்த விலை சொல்லி வேலையைப் பிடித்த முதலாளியிடம் அதற்குப் பணம் இல்லை. ஆகவே அந்த ஆறு நாள், இளைஞனின் இரவுகளிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

நிர்வாகக் குறைபாடும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இத்தகைய நிறுவனத்தை நடத்துபவர் பல வேளைகளில் நல்ல கலைஞராக இருந்து முதலாளியானவர். கணக்கும் திட்டமிடலும் அவருக்குப் பழக்கமில்லை. எந்தக் காட்சி யார் கையில் இருக்கிறது, எந்தத் திருத்தம் இறுதியானது என்பதெல்லாம் வாட்ஸ்அப் செய்திகளில் சிதறிக் கிடக்கும். காலையில் ஒருவர் சொன்னதை மாலையில் இன்னொருவர் மாற்றுவார். சொல்லிக் கொடுக்க மூத்தவர் இல்லாமல் புதியவன் தவறு செய்வான். அந்தத் தவறையே காரணம் காட்டி அவனுடைய சம்பளம் பிடிக்கப்படும். வெள்ளிக்கிழமை நண்பகலில் வேலையை ஒப்படைக்க வேண்டியிருப்பதால் ஜும்ஆவுக்குக்கூடத் தயங்கித் தயங்கி அனுமதி கேட்க வேண்டிய நிலையும் வரும்.

உலகின் உச்சியிலும் இதே நோய்தான். புதுச்சேரியிலும் படமாக்கப்பட்ட லைஃப் ஆஃப் பை திரைப்படம் 2013 பிப்ரவரி 24 அன்று காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அதன் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனமோ அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே திவால் மனு கொடுத்துவிட்டது. மும்பையிலும் ஹைதராபாத்திலும்கூட அதற்குக் கிளைகள் இருந்தன. விருது விழா நடந்த அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் பதாகை ஏந்தி நின்றார்கள். மாறாத விலைக்கு எல்லையற்ற திருத்தம் என்ற முறையே பெரிய நிறுவனங்களையும் சாய்க்கிறது என்ற பேச்சு அன்று உலகெங்கும் எழுந்தது. 2025 பிப்ரவரி இறுதியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, பெங்களூரை மையமாகக் கொண்டிருந்த அதன் இந்தியக் கிளையும் மூடப்பட்டு, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் செய்வதறியாது நின்றனர். பெருமரமே சாயும் இடத்தில், வேரில்லாத செடியின் நிழலில் பிள்ளையை உட்கார வைப்பவர்கள் எத்தனை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

மார்க்கம் சொல்வது

கூலியாளின் வியர்வை உலர்வதற்கு முன்பே அவருடைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை இப்னு மாஜா பதிவு செய்துள்ளார். மறுமை நாளில் மூவருக்கு எதிராக அல்லாஹ் தானே வழக்காடுவான் என்று கூறும் ஹதீஸ் குத்ஸி புகாரியில் இடம்பெற்றுள்ளது. அல்லாஹ்வின் பெயரால் வாக்களித்து மோசடி செய்தவன், சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் காசைத் தின்றவன் ஆகியோரின் வரிசையிலேயே, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனும் நிறுத்தப்படுகிறான். மனிதனை விற்பவனுக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் தரப்பட்டிருப்பதை முதலாளிகள் நினைவில் வைக்க வேண்டும்.

குகையில் அடைபட்ட மூவரின் வரலாறு நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டிருப்பதுதான். அவர்களில் ஒருவர், கூலியை வாங்காமல் போய்விட்ட பணியாளுக்குரிய தானியத்தை விதைத்துப் பெருக்கி, மாடும் மேய்ப்பனுமாக வளர்த்து, அவன் திரும்பி வந்தபோது எல்லாவற்றையும் அவனிடமே ஒப்படைத்தார். அந்தச் செயலைச் சொல்லித்தான் பாறை விலக துஆ கேட்டார். மற்றவருடைய கூலி தம் கையில் தங்கிவிட்டால் அது அமானிதம் என்று அவர் அறிந்திருந்தார். இன்றோ அதே கூலியில் அலுவலகத்துக்குப் புதிய கணினி வாங்கப்படுகிறது.

அந்தப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் "சபர் செய் மகனே, வேலை கற்றுக்கொள்ளும் காலம்தானே" என்பதாகவே இருக்கிறது. சபர் மகத்தான குணம். நோயிலும் இழப்பிலும் அது ஈமானின் பாதி. ஆனால் தனக்குரியதைக் கேட்காமல் இருப்பதற்குச் சபர் என்று பெயரில்லை. வசதி இருந்தும் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போடுவது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்களே அறிவித்திருக்கும்போது, அந்த அநியாயம் நீடிக்க நம் பொறுமை துணைபோகக் கூடாது.

இதில் நாம் மிகவும் அஞ்சுவது ஒன்று உண்டு. சம்பளம் வராத பிள்ளை, அத்தாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, கைபேசியில் நொடியில் பணம் தரும் கடன் செயலிகளிடம் போகிறான். அங்கே இருப்பது அப்பட்டமான வட்டி. முதலாளி வட்டியில்லாமல் பிடித்து வைத்த பணத்துக்காகத் தொழிலாளி வட்டி கட்டுகிறான். ஹலாலான உழைப்பைத் தேடி ஊரை விட்டுப் போனவனைக் கூலி நிலுவை ஹராமின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

செய்யக் கூடியவை

முதலாவது, எழுத்து. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பணி நியமனக் கடிதத்தில் சம்பளம், சம்பள நாள், வேலை நேரம் மூன்றும் இல்லாமல் பிள்ளையைச் சேர விடாதீர்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். நகல் போதும். "சோதனைக் காட்சி" என்ற பெயரில் நாள்கணக்கில் இலவச வேலை வாங்குமிடத்தில் பிறகும் அதுவே தொடரும். அங்கே வேலை பார்த்து விலகிய இருவரிடமாவது விசாரித்துவிடுங்கள். பெண் கொடுக்கும்போது விசாரிக்கிறோம் அல்லவா?

இரண்டாவது, சட்டம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்பதும், வேலையிலிருந்து விலகினால் இரண்டு வேலை நாள்களுக்குள் கணக்கு முடிக்கப்பட வேண்டும் என்பதும் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் உள்ளன. தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்து, மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி கேட்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் வருங்கால வைப்பு நிதி கட்டாயம். பிடித்த தொகை கட்டப்பட்டதா என்று பிள்ளையே கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். நிலுவை நின்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். அதற்காகவே வருகை நேரம், செய்த காட்சிகள், வந்த செய்திகள் எல்லாவற்றையும் நாள்தோறும் குறித்து வைப்பது நல்லது.

மூன்றாவது, ஜமாஅத்தின் கடமை. பைத்துல்மாலிலிருந்து வெளியூரில் சம்பளம் நின்றுபோன இளைஞர்களுக்கு இரண்டு மாத வாடகை அளவுக்கேனும் அழகிய கடன் கொடுக்க ஏற்பாடு செய்தால், வட்டியின் வாசல் அடைபடும். கையில் இரண்டு மாதச் செலவு இருப்பவனால்தான் "கொடுக்காவிட்டால் வரமாட்டேன்" என்று சொல்ல முடியும்.

ஸ்டூடியோ நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்கு வர வேண்டிய பணமும் மேலே சிக்கியிருக்கலாம். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கும் பாதுகாப்பு அளித்திருக்கிறது. அந்த உரிமையைக் கேளுங்கள். திருத்தங்களுக்கு எல்லை எழுதி வாங்குங்கள். கட்டுப்படியாகாத விலைக்கு வேலை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் அந்த நட்டம் உங்களுடையது. மேலே இருப்பவரிடம் கேட்கத் துணிவில்லாமல் கீழே இருப்பவனின் கூலியை நிறுத்துவது வியாபாரம் ஆகாது. பணம் இல்லாத மாதத்தில் அதை முன்கூட்டியே மனம் திறந்து சொல்லுங்கள். போகிறவன் போகட்டும், இருப்பவன் அறிந்து இருக்கட்டும்.

இந்த மாதம் பத்தாம் தேதி வரும்போது, வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் "சாப்பிட்டாயா, தொழுதாயா" என்று கேட்பதோடு "சம்பளம் வந்ததா" என்றும் கேளுங்கள். வரவில்லை என்றால் அவனைக் குறை சொல்லாமல் கேளுங்கள். அவன் மறைக்காமல் பதில் சொல்லும்படியாக நம் வீடுகள் இருந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

உழைப்பவர்களின் கூலியில் பரக்கத்தையும், கொடுப்பவர்களின் உள்ளத்தில் இறையச்சத்தையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.