லினக்ஸ் யாருக்குக் கடினம்?

“லினக்ஸெல்லாம் ஐ.டி.காரங்களுக்குத்தான் சார், நமக்கு விண்டோஸ்தான் சரிப்படும்.” கணினி சர்வீஸ் கடைகளிலும் பள்ளி ஆசிரியர் அறைகளிலும் வீடுகளிலும் பல காலமாகக் கேட்டுவரும் பேச்சு இது. சொல்கிறவர்களில் பலர் லினக்ஸ் ஓடும் திரையை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தெரியாததைப் பற்றிய தயக்கம்தானே என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. இந்த நம்பிக்கையால் நடுத்தரக் குடும்பங்களின் காசு வீணாகிறது, நல்ல கணினிகள் காயலான் கடைக்குப் போகின்றன. நடப்போ இதற்கு நேர்மாறு. விண்டோஸை விட்டு வர முடியாமல் இருப்பவர்கள் கணினியால் பிழைப்பு நடத்தும் தொழில்காரர்கள்தான். சாதாரணப் பயனருக்கு அப்படிப்பட்ட தடை மிகக் குறைவு.

அந்தச் சாதாரணப் பயனர் கணினியில் என்ன செய்கிறார்? கரன்ட் பில் கட்டுகிறார். பிள்ளையின் ரிசல்ட் பார்க்கிறார். டி.என்.பி.எஸ்.சி.க்கு விண்ணப்பிக்கிறார். யூடியூப், ஜிமெயில், வாட்ஸப் வெப். எப்போதாவது ஒரு கடிதம் அடித்து, பி.டி.எஃப். ஆக்கி, பிரின்ட் எடுக்கிறார். கடிதத்தைத் தவிர மற்றதெல்லாம் பிரவுசருக்குள் நடக்கிற வேலை. லினக்ஸிலும் அதே குரோம், அதே ஃபயர்ஃபாக்ஸ்தான். கடிதத்துக்கு லிப்ரே ஆபீஸ் உண்டு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை நிறுவும்போதே அதுவும் சேர்ந்து வந்துவிடும். வேர்டு கோப்புகளைத் திறக்கும், அதே வடிவில் சேமிக்கவும் செய்யும். சிக்கலான அட்டவணைகள் சில நேரம் இடம் மாறி நிற்கும். லீவ் லெட்டருக்கு அந்தக் கவலை கிடையாது.

டேலியில் கணக்கு எழுதுபவர், கோரல்டிராவில் ஃபிளெக்ஸ் வடிவமைப்பவர், ஆட்டோகேடில் பிளான் போடுபவர், ஃபோட்டோஷாப்பில் கல்யாண ஆல்பம் செய்பவர் ஆகியோர் விண்டோஸிலேயே இருக்கட்டும். அந்த மென்பொருள்கள் லினக்ஸுக்கென வெளிவருவதில்லை. குறுக்கு வழியில் ஓட்டிப் பார்ப்பது நாளைக்கு வேலை முடித்துக் கொடுக்க வேண்டியவருக்கு உதவாது. இவர்களையும் மாறச் சொல்லி வற்புறுத்தும் லினக்ஸ் ஆர்வலர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அப்படி மாறிக் கஷ்டப்பட்ட ஒருவர் பத்துப் பேரிடம் சொல்வார். அந்தப் பத்துப் பேரும் கரன்ட் பில் கட்ட மட்டும் கணினி வைத்திருப்பவர்களாக இருப்பார்கள்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்தால் மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதாகச் சொன்னது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு கணினியில் இருக்க வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் ஒருசில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். ஆறாம் தலைமுறை ஐ3, 8 ஜி.பி. ரேம், ஒரு எஸ்.எஸ்.டி. என்று வைத்திருப்பவரின் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. கீபோர்டு வேலை செய்கிறது, திரை பளிச்சென்று இருக்கிறது. ஆனால் கடையில் அவருக்குக் கிடைக்கும் பதில், “இது பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க.”

வாங்க வசதி இல்லாதவருக்குக் கிராக் காப்பி கிடைக்கிறது. அதை எப்படிப் போடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கிறார்கள். இல்லையென்றால் அது ஆக்டிவேட்டரை வைரஸ் என்று பிடித்து அழித்துவிடும். பிறகு பென் டிரைவிலிருந்து, யார் எழுதினார்கள் என்றே தெரியாத அந்த நிரலை நிர்வாகி அனுமதியோடு ஓட்டுகிறார்கள். அதே கணினியில்தான் மறுநாள் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை அடிக்கிறோம். விண்டோஸ் ‘இலவசமாக’ வருகிறது என்ற நினைப்பு நம் ஊரில் உருவானது இப்படித்தான். சட்டப்படி நம்முடையதாக வைத்துக்கொள்ளக்கூடிய, எவ்வளவு பேருக்கு வேண்டுமானாலும் காப்பி எடுத்துக் கொடுக்கக்கூடிய இயங்குதளம் பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு இந்தத் திருட்டுக் காப்பி?

ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான், உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் ஓடுவது லினக்ஸ்தான் என்று வாதாடுபவர்கள் உண்டு. இரண்டும் உண்மை. ஆனால் மேசைக் கணினியில் கடிதம் அடிப்பவருக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை, ஆகவே அந்த வாதம் எனக்கு வேண்டாம். ‘விண்டோஸ்தானே பழக்கம்’ என்ற வாதம்தான் பதில் சொல்லத் தக்கது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 11இல் அதை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். திட்டிக்கொண்டே எல்லோரும் பழகினோம். லினக்ஸ் மின்ட்டின் திரையில் இடது கீழ்மூலையில் மெனு, கீழே டாஸ்க்பார், வலது ஓரத்தில் கடிகாரம். விண்டோஸ் 7 பார்த்தவருக்கு இது அந்நியமாகவே தெரியாது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்காமலேயே மென்பொருள்களை நிறுவலாம், நீக்கலாம்.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் 15 ஆண்டுகளுக்கும் மேலாக லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம். எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்கள் ஐ.டி. தேர்வை எழுதுவதும் அதில்தான். அவர்கள் யாரும் இன்ஜினியர்கள் அல்ல, பதினைந்து வயதுப் பிள்ளைகள். நம் தமிழ்நாட்டிலும் வாய்ப்பு இல்லாமல் இல்லை. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். 2018இல் வந்த 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸ் வகையும் பாடமாக இருந்தது. லேப்டாப்பிலும் பாடப்புத்தகத்திலும் இடம்பிடித்த லினக்ஸ், அன்றாடப் புழக்கத்துக்கு மட்டும் வரவில்லை. ‘இது நமக்கு இல்லை’ என்று பெரியவர்கள் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டதை நான் முக்கியக் காரணமாகச் சொல்வேன்.

லினக்ஸ் சரிப்படாது என்பதற்கு ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தார்கள் என்பது உண்மை. பெரிய அலுவலகம் ஒன்றில் நூற்றுக்கணக்கான தனிப் பயன்பாடுகளை ஒத்துப்போக வைக்கும் பாரம் அது, அரசியலும் கலந்தது. அதே ஐரோப்பாவில் பிரெஞ்சு ஜென்டார்மரி காவல்படை பல்லாயிரம் கணினிகளில் உபுண்டுவை வைத்துப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறது. நம் வீட்டு மேசையிலிருக்கும் ஒற்றைக் கணினிக்கு இவை இரண்டுமே அளவுகோல் ஆகா.

சந்தேகம் இருப்பவர் யார் பேச்சையும், என் பேச்சையும்கூட, நம்ப வேண்டியதில்லை. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். அதிலிருக்கும் கோப்புகளை வேறிடத்தில் வைத்துவிட்டு, லினக்ஸ் மின்ட்டை அதன் தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் என்ற சிறு நிரலால் அந்த பென் டிரைவில் எழுதுங்கள். கணினியை அணைத்துப் போடும்போது, பல கணினிகளில் எஃப்12 அழுத்தினால் (ஹெச்.பி. என்றால் எஃப்9) எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் அதிலிருந்தே ஓடும். ‘இன்ஸ்டால்’ கொடுக்காதவரை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, வங்கித் தளம் திறக்கிறதா என்று பாருங்கள். பிரின்டரைக் கட்டாயம் சோதியுங்கள். ஹெச்.பி. பிரின்டர்கள் பெரும்பாலும் செருகியதுமே வேலை செய்யும். நம் ஊரில் பல இடங்களில் இருக்கும் கேனன் எல்.பி.பி. 2900 படுத்தி எடுக்கும். தமிழ்99 விசைப்பலகையைத் தனி மென்பொருள் வாங்காமலே சேர்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10 கணினியை எடைக்குப் போடவோ கிராக் போடவோ முடிவெடுத்திருப்பவர்கள் அதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள். உங்கள் வேலைக்கு ஒத்துவராவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி இருங்கள். ஒத்துவந்தால் கோப்புகளை பேக்கப் எடுத்துவிட்டு நிறுவுங்கள். சர்வீஸ் கடை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பழைய கணினியோடு வரும் வாடிக்கையாளரிடம், அவர் அதில் என்ன வேலை செய்கிறார் என்று முதலில் கேளுங்கள், புதுசு வாங்கச் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.