ரயில் வந்தது... பஸ் எங்கே போச்சு?

ஊருக்குப் புது ரயில் வருகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? திறப்பு விழா, வாத்தியம், முதல் நாள் கூட்டம், செல்ஃபி என்று ஒரு வாரம் ஊரே களைகட்டும். அதெல்லாம் அடங்கிய பிறகுதான் சிலருக்கு விஷயம் உறைக்கும். இத்தனை வருடம் தெருமுனையில் வந்து நின்ற பஸ், இனி வராது!

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் இது நடந்தது. 2009 ஜூலை 18 அன்று அங்கே லைட் ரயில் ஓடத் தொடங்கியது. அதே டிசம்பரில் விமான நிலையம் வரை போனது. நகரின் தென்கிழக்கில் மார்ட்டின் லூதர் கிங் சாலையின் நடுவிலேயே தண்டவாளம். வியட்நாம்காரர்கள், சீனர்கள், பிலிப்பினோக்கள், கிழக்கு ஆப்பிரிக்கர்கள், கறுப்பின மக்கள் என்று பல பாஷை பேசுகிறவர்கள் கலந்து வாழும் பகுதி அது.

அந்தச் சாலையில் 42-ஆம் எண் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தால் மாறாமல் கொள்ளாமல் சைனா டவுனில் இறங்கலாம். அந்த ஊர்ப் பெரியவர்களுக்குக் காய்கறிக் கடை, தங்கள் பாஷை பேசும் டாக்டர், பழைய சிநேகிதர்கள் எல்லாம் அங்கேதான். ரயில் வந்த பிறகு அந்தத் தடத்தை முதலில் குறுக்கினார்கள். 2013 பிப்ரவரியில் ஒரேயடியாக நிறுத்தினார்கள்.

பஸ்களை நடத்தும் கிங் கவுண்டி மெட்ரோவிடமும் நியாயம் இருந்தது. ஒரு பஸ் போய்த் திரும்ப 60 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பஸ் விட்டால் 15 நிமிடத்துக்கு ஒன்று வரும். அதே தடத்தை ரயில் நிலையத்தோடு வெட்டி, 30 நிமிடமாகச் சுருக்கிவிட்டால்? அதே நான்கு பஸ்ஸை வைத்து ஏழரை நிமிடத்துக்கு ஒன்று விடலாம். கூடுதலாக ஒரு டிரைவர்கூடத் தேவையில்லை. ரயில் ஓடும் சாலையிலேயே பஸ்ஸும் ஓடினால், பஸ்ஸே எட்டிப்பார்க்காத இன்னொரு பேட்டைக்கு எதை அனுப்புவது?

கணக்கு சரிதான். ஆனால் அது உட்கார்ந்து போகும் நேரத்தை மட்டும்தான் எண்ணியது. நடக்கும் நேரத்தை எண்ணவில்லை. பஸ் சில தெருக்களுக்கு ஒருமுறை நிற்கும். ரயில் நிலையங்களோ அங்கே ஒரு மைலுக்கும் மேல் இடைவெளி விட்டு நிற்கின்றன. இளைஞனுக்கு அது நல்ல உடற்பயிற்சி. ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் காய்கறிப் பையுமாக, சியாட்டில் மழையில் நடக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு? அந்தச் சாலையில் ஓடிய மற்றொரு பஸ் வேறு திசைக்குப் போவது. சைனா டவுனுக்கு வண்டி மாறித்தான் ஆக வேண்டும்.

பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்தச் சாலையில் ஆசிய மக்களுக்காகச் செயல்படும் சேவை அமைப்பு துணைக்கு வந்தது. கூட்டங்களுக்குப் போனார்கள், பேசினார்கள். “ரயிலுக்குப் பக்கத்திலேயே எதற்கு இன்னொரு பஸ்?” என்று எதிர்வாதமும் வந்தது. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2016 செப்டம்பரில் 106-ஆம் எண் பஸ்ஸை அந்தச் சாலை வழியாகவே சைனா டவுன் வரை நீட்டினார்கள். எண்தான் வேறு. தெருமுனையில் ஏறி, மாறாமல் போய் இறங்கும் வசதி திரும்பக் கிடைத்தது. அதற்குள் மூன்றரை வருடம் ஓடிவிட்டது. வயதானவர்களுக்கு மூன்றரை வருடம் என்பது கொஞ்ச காலமா?

அதே 2016 மார்ச் 19-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் வரை ரயில் நீண்டது. ஒரே வாரத்தில் பஸ் தடங்களையும் மாற்றி அமைத்தார்கள். அங்கே எழுந்த முணுமுணுப்பு வேறு ரகம். ரயில் நிலையம் ஒரு பக்கம், பஸ் நிற்கும் இடம் இன்னொரு பக்கம். இறங்கி, சாலையைக் கடந்து, நடந்து போய் ஏற வேண்டும். வரைபடத்தில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் இணைப்பு ஆகிவிடுமா? அந்தக் கடைசி முந்நூறு அடியை நடக்கிறவருக்குத்தான் தெரியும்.

பட்ட பிறகு புத்தி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2021 அக்டோபர் 2-ல் நார்த்கேட் வரை ரயில் திறந்தபோது, அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே மக்களிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ‘மொபிலிட்டி போர்டு’ என்று ஒரு குழு. அதில் அதிகாரிகள் இல்லை. அந்தந்தப் பகுதியில் பஸ் ஏறுகிறவர்கள். மாற்றுத்திறனாளிகள், ஆங்கிலம் அதிகம் பேசாதவர்கள், குறைந்த வருமானக்காரர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. முதலில் தேவை என்ன என்று கேட்டார்கள்; பிறகு ஒரு வரைவைக் காட்டினார்கள்; திருத்தி மறுபடியும் காட்டினார்கள். அதன் பிறகே கவுண்டி கவுன்சிலின் ஓட்டெடுப்புக்குப் போனது.

அப்போதும் எல்லோருக்கும் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. நார்த்கேட்டிலிருந்து நகர மையத்துக்கு நேரே போன, கூட்டம் அள்ளிய 41-ஆம் எண் பஸ் நின்றுபோனது. பதிலுக்கு 14 நிமிடத்தில் கொண்டுபோய் விடும் ரயில். பலருக்கு லாபம். ஆனால் தொலைவில் ஏறி ஒரே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்கள், இப்போது பாதி வழியில் இறங்கி மாறுகிறார்கள். ஒருவரின் ஆதாயம் இன்னொருவரின் அலைச்சல்தான். அந்த அலைச்சல் யார் தலையில் விழுகிறது என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதற்குத்தான் கூட்டமெல்லாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? ஆபீஸ் முடிந்தவர்கள் வருவார்கள். அந்த நேரத்தில் துடைப்பத்தோடு இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பும் பெண் வர மாட்டாள். பஸ்ஸை அதிகம் நம்பியிருப்பவள் அவள்தான்! அவளிடம் கேட்க வேண்டுமானால் அவள் நிற்கும் நிறுத்தத்துக்குத்தான் போக வேண்டும், அவள் பாஷையில்தான் கேட்க வேண்டும்.

கேட்க ஆள் வந்தால் சொல்லவும் தெரிய வேண்டும். “எங்க பஸ்ஸை நிறுத்தாதீங்க” என்றால் அது நூறு மனுக்களில் ஒரு மனுவாகப் போய்விடும். “காலை ஐந்தரைக்கு இந்த நிறுத்தத்தில் ஏறுகிறேன். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறேன். திரும்பும்போது என்னால் படி ஏற முடியாது” என்று சொன்னால், வரைபடம் போடுகிறவரின் பேனா ஒரு நிமிடமாவது நிற்கும். நேரம், கிழமை, இடம், காரணம். இந்த நான்கும் சேர்ந்த சொல்லுக்குத் தனி பலம்.

ரயில் தண்டவாளத்தை இன்னொரு தெருவுக்கு நகர்த்த முடியாது. பஸ்ஸை நகர்த்தலாம். 106-ஆம் எண் பஸ் இன்றைக்கும் அந்தச் சாலையில் அதைச் சொல்லிக்கொண்டுதான் ஓடுகிறது.