குச்சிக்கிழங்கு விலையும் இணையமும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளிக் கிராமங்களில் கைப்பேசி இல்லாத வீடு இப்போது அரிது. சிறு குடியானவரும் சிறு ஆலைக்காரரும் பெரிய வியாபாரிக்கு ஈடாக நின்று பிழைப்பதற்கு இணையமே தக்க சாதனம் என்று பலர் சொல்லுகின்றனர். இக்கூற்று நமது சரக்குகளுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று சற்று ஆராய்ந்து பார்த்தல் நலம்.

கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைப்பேசி வசதி படிப்படியாகப் பரவிற்று. அதற்கு முன்னர், ஒரு துறையில் மத்தி மீன் வாங்குவாரின்றிக் கடலில் கொட்டப்படும். சில மைல் தூரத்திலுள்ள மற்றொரு துறையிலோ மீனுக்குப் பஞ்சமாக இருக்கும். கைப்பேசி வந்தபின் மீனவர் நடுக்கடலிலேயே விலையை விசாரித்து, நல்ல விலையுள்ள துறைக்குப் படகைத் திருப்பினர். வீண்போவது ஏறக்குறைய நின்றது; மீனவரின் லாபம் சுமார் 8 சதவிகிதம் உயர, வாங்குவோர் கொடுத்த விலையோ சுமார் 4 சதவிகிதம் தாழ்ந்தது. இதனை ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் 2007-இல் விரிவாக எழுதியுள்ளார். இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், மீனவருக்கு விலைச் செய்தி கரை சேருமுன் கிடைத்தது. கரை சேர்ந்தபின் கிடைத்திருந்தால் அதனால் அவருக்குப் பிரயோஜனம் ஏதுமில்லை.

மஞ்சள் விளைவிப்போர்க்கு இத்தொல்லை குறைவு. வேகவைத்து உலர்த்திய மஞ்சளை மாதக்கணக்கில் இருப்பு வைக்கலாம். ஈரோட்டு விலையையும் திருச்செங்கோடு, நாமகிரிப்பேட்டை ஏல விலைகளையும் வீட்டிலிருந்தபடியே ஒப்புநோக்கி, வேண்டிய நாளில் மூட்டையை ஏற்றலாம். மத்திய சர்க்கார் 2016 ஏப்ரல் 14-ஆம் தேதி தொடங்கிய தேசிய மின்னணுச் சந்தையிலோ, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கின் தரம் பார்க்கப்பட்டு, வியாபாரிகள் இணையத்தின் மூலம் விலை கேட்கின்றனர். கிரயத்தொகை விற்றவரின் வங்கிக் கணக்கிற்கே செல்லுகிறது.

குச்சிக்கிழங்கின் நிலைமை வேறு. பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களுக்குள் அது கெடத் தொடங்கும். லாரி ஆலை வாசலில் நின்றபின் கைப்பேசியில் எந்த விலையைக் கண்டும் பயனில்லை. சரக்கைத் திருப்பிக் கொண்டுபோக எவருக்கு மனம் வரும்? ஆனால் முற்றிய கிழங்கு மண்ணுக்குள் சில வாரங்கள் காத்திருக்கும். நிலமே அதற்குக் களஞ்சியம். ஆகையால் விலை விசாரிப்பதும் பேசி முடிப்பதும் மண்வெட்டி எடுக்குமுன் நடந்தாக வேண்டும்.

விலை மட்டும் தெரிந்தால் போதுமா எனில், போதாது. ஆலைகள் கிழங்கிலுள்ள மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' கணக்கில் அளந்தே விலை கொடுக்கின்றன. அளவுகோல் வாங்குபவர் கையிலும் கிழங்கு விற்பவர் கையிலும் இருக்குமாயின், டன் விலையை ரூபாய் பைசாவாக இணையத்தில் அறிந்திருந்தும், பாயிண்டில் குறைவு வந்தால் விற்பவர் வாய் திறக்க வழியில்லை. மாதிரிக் கிழங்கைக் காற்றில் ஒரு முறையும் நீரில் அமிழ்த்தி ஒரு முறையும் நிறுத்து மாவுச்சத்தை மதிப்பிடலாம். இது பெருஞ்செலவுள்ள காரியமன்று. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றிலும் இத்தகைய தராசு ஒன்று இருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு.

ஆலைக்காரரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. இரண்டாம் உலகப்போரின்போது கீழ்த்திசை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றமையால், 1943-ஐ ஒட்டிச் சேலத்தில் தோன்றியது இத்தொழில். அவர்களிலும் பெரும்பாலோர் சிறு முதலாளிகளே. வெளியூர் வியாபாரிகளிடம் தனித்தனியே விற்று நஷ்டப்பட்ட அவர்கள், 1981-இல் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்து, சரக்கை ஓரிடத்தில் குவித்து டெண்டர் முறையில் விற்கத் தலைப்பட்டனர். வாங்குவோருக்குள் போட்டி உண்டாயிற்று. கிழங்கு விளைவிப்போரிடம் அவ்வளவு வலிமையுள்ள அமைப்பு இன்னும் இல்லை. இணையம் நூறு விலைகளைக் காட்டலாம். நூறு பேரை ஒரே விலைக்கு நிற்கச் செய்வது அதன் வேலையன்று.

சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. வடநாட்டில் விரத நாட்களில் இதனை விரும்பி உண்பவர் மிகுதி. அவர்களுக்குச் சிறு பைகளாக இணையத்தின் மூலம் நேரே அனுப்புவது இனி எளிது. உற்பத்தியாளர் கம்பெனிகள் உணவுப் பாதுகாப்பு உரிமமும், குறியீட்டைப் பயன்படுத்தும் பதிவும் பெற்று இதில் இறங்கலாம். ஆனால் மணியைக் கையில் எடுத்துப் பார்க்க இயலாத வாடிக்கைக்காரர் படத்தையும் பெயரையும் நம்பியே பணம் கட்டுகிறார். வெண்மைக்காக இரசாயனம் சேர்ப்பதும் மக்காச்சோள மாவு கலப்பதும் அதிகாரிகளின் சோதனைகளில் வெளிப்பட்டுள்ளன. சிலர் செய்யும் இக்காரியத்தால் குறியீடு பெற்ற அனைவரின் பெயரும் கெடும். அப்பெயர் கெட்டபின் கிழங்கின் விலை எங்ஙனம் நிற்கும்?

கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலில் குச்சிக்கிழங்கின் பரப்பைப் பயிர் நட்ட மாதத்தோடு சரியாகப் பதிவார்களாயின், எந்த மாதத்தில் எவ்வளவு கிழங்கு முற்றும் என்பது முன்கூட்டியே விளங்கும். ஒரே வாரத்தில் எல்லோரும் பிடுங்கி விலையைத் தாழ்த்திக்கொள்ளாதபடி முறை வகுக்க அக்கணக்கே ஆதாரம். மிராசுதார்கள் தத்தம் ஊர்ச் சங்கத்தின் அடுத்த மகாசபையில் தராசைப் பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவருதல் வேண்டும்.