உதைக்கும் துப்பாக்கி

வேட்டைக் கதைகளை மொழிபெயர்ப்பவனுக்குப் புலியால் வரும் தொல்லை குறைவு. துப்பாக்கியால் வருவதுதான் அதிகம். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வந்து தோளில் இடிக்கிறதே, அதற்கு என்ன சொல்? பாடநூல் ‘பின்னியக்கம்’ என்கிறது. சரியான சொல்தான்; ஆனால் அதில் வலி இல்லை. எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் கேட்டேன். “உதைன்னு எழுதுங்க சார். உதையைவிட மோசம், அது வரப்போகுதுங்கிற நினைப்பு. சுடறதுக்கு முன்னாலயே தோள் சுருங்கிடும், கண் மூடிக்கும். குறி அங்கேயே போச்சு” என்றார்.

கணக்கு எளிது. குண்டும் வெடிமருந்தின் புகையும் முன்னே பாய்வதற்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே வந்தாக வேண்டும். கனமான துப்பாக்கி தள்ளும், இலேசானது அறையும். அதே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் உதையின் ஆற்றல் இரு மடங்காகும். அதனால்தான் சுமார் 58 கிராம் குண்டைச் செலுத்தும் .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரைஃபிள்களை ஏழு கிலோ அளவுக்குக் கனமாகச் செய்தார்கள். அந்தக் கனத்தை நாளெல்லாம் மலையேறிச் சுமக்க வேண்டும்; ஆபத்து வரும் ஒரு நொடியில் தூக்கவும் வேண்டும். தோளுக்கு நல்லது கைக்கு ஆகாது என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

ஜிம் கார்பெட்டிடம் இரண்டு வகையும் இருந்தன. ஒன்று ரிக்பி கம்பெனி செய்த .275. அதன் குண்டு ஏறக்குறைய 9 கிராம். ரைஃபிளின் எடை மூன்றரை கிலோவுக்குள். இன்னொன்று .450/400 இரட்டைக்குழல். அதன் குண்டு 26 கிராம். துப்பாக்கியும் அதற்கேற்ற கனம்.

1930 ஏப்ரலில், குமாவோன் மலையில் சௌகர் புலியைத் தேடிப்போனபோது அவர் கையில் இருந்தது இலேசான .275. இடது கையில், வழியில் எடுத்த பக்கிப் பறவையின் இரண்டு முட்டைகள். ஒரு பாறையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், எட்டடி தூரத்தில் புலி! சட்டென்று அசைந்தால் பாய்ந்துவிடும். மார்புக்குக் குறுக்கே இருந்த ரைஃபிளை வலது கையால் மட்டும், முக்கால் வட்டம், மெல்ல மெல்லச் சுழற்றினார். முழுதாக நீட்டிய ஒற்றைக் கையால் சுட்டார், புலி விழுந்தது. கனமான துப்பாக்கியாக இருந்திருந்தால் இது முடிந்திருக்காது என்று அவரே எழுதியிருக்கிறார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1938இல், தக் கிராமத்து ஆட்கொல்லி. இருட்டும் நேரம். ஒரு பாறை விளிம்பில் வசதியில்லாமல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கார்பெட். இந்த முறை .450/400. அடுத்தடுத்து இரண்டு குண்டுகள், புலி சாய்ந்தது. துப்பாக்கியின் உதையில் கார்பெட்டும் சாய்ந்தார்! பாறைக்குக் கீழே ஒதுங்கியிருந்த ஆட்களின் மேல் போய் விழுந்தார்.

அப்படியானால் இலேசான துப்பாக்கியே மேலா? ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ.டி.எம். பெல் ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார்; பெரும்பாலானவற்றை இதே .275 அளவுத் தோட்டாவால். எண்ணிக்கையைப் படிக்கும்போது மனம் கூசுகிறது. ஆனால் அவர் யானையின் மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து, மூளை இருக்குமிடத்தைப் படித்தவர். அந்தப் படிப்பு இல்லாதவன் கையில் சிறிய குண்டு யானையைக் கொல்லாது, காயப்படுத்தி அனுப்பும். பெரிய துப்பாக்கியை எடுத்து, உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவனும் அதையேதான் செய்வான்.

காயப்பட்ட மிருகம் எங்கே போகும்? 1907இல் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல்பல் பாதி, கீழ்ப்பல் எலும்புவரை. பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதரைத் தின்றது என்பது கார்பெட்டின் முடிவு. பலியானவர்கள் 436 பேர் என்பது அவர் தரும் கணக்கு. கடைசியாகப் பலியானவள், சுள்ளி பொறுக்கப் போன ஓர் இளம்பெண். எப்போதோ ஒருவர் குறி தப்பிச் சுட்டுவிட்டு, தோளைத் தடவிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார். அந்தக் குண்டுக்கு விலை கொடுத்தவர்கள் விறகுக்கும் தழைக்கும் காட்டுக்குப் போன மலைக்கிராமத்து மக்கள்.

அந்தப் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் கார்பெட்டுக்கு அளித்த பரிசுதான் அந்த .275. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்த விளையாட்டை முடித்துவைத்தது. 2016இல் அந்த ரைஃபிளை இங்கே கொண்டுவந்தபோது, அது பார்வைக்கு வைக்கும் பொருளாகத்தான் வந்தது. நல்லது.

நான் ‘உதை’ என்றே எழுதினேன். சுபேதார் படித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அந்த உதை சுட்டவனின் தோளோடு நின்றுவிடவில்லை என்பதை மட்டும் ஒரே சொல்லில் அடக்க எனக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்தப் பக்கம்.