ஒரு குடத்தில் ஏழு நதிகள்

தீபாவளியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்து நீராடியவரைக் கண்டால், "கங்கா ஸ்நானம் ஆயிற்றா?" என்று விசாரிப்பது தமிழ்நாட்டு வழக்கம். நீராடியது வீட்டின் பின்கட்டில், அண்டாவில் காய்ச்சிய இரண்டு வாளி வெந்நீரில் என்பது கேட்பவருக்கும் தெரியும். பதில் சொல்பவருக்கும் தெரியும். ஆயினும் அது கங்கைதான் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி ஆகிய ஏழு நதிகளையும் எதிரிலுள்ள பாத்திரத்து நீரில் எழுந்தருளுமாறு வேண்டிக்கொண்டு முதல் சொம்பை எடுப்பது பெரியோர் மரபு. ஏழு நதிகளும் ஒரு குடத்துக்குள் அடங்கும் என்றால், நீராடலின் தூய்மை நீரின் அளவைப் பொறுத்ததன்று. நீராடுபவரின் நினைவைப் பொறுத்தது.

இந்த நினைவு இன்று மிகவும் தேவைப்படும் ஊர்களுள் ஒன்று குருபரப்பள்ளி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூரின் அருகே சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது. கிணற்றடியில் குளித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், ஷிப்டு முடிந்து வந்து ஷவரைத் திறந்துவிட்டு நிற்கிறார்கள். உழைத்துக் களைத்த உடலுக்கு அது சுகமே. ஆனால் அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டில் ஒருவராவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஜீவநதி தென்பெண்ணை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் இந்நதிக்கு அங்கே தட்சிண பினாகினி என்று பெயர். பினாகம் சிவபெருமானின் வில். அப்பெயர் தாங்கிய புனித நதி, பெங்களூரு நகரின் கழிவுகளையும் சுமந்துகொண்டு எல்லை தாண்டி வருகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் நீர் வெண்ணுரை பொங்கி ஓடுவது அப்பகுதி மக்கள் பலமுறை கண்ட வேதனை.

நிலத்தடி நீருக்கும் ஒரு குறை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடும்பாறைகளிலிருந்து ஃபுளோரைடு என்னும் உப்பு நீரில் கரைகிறது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் குடிக்க ஏற்றதன்று. தொடர்ந்து குடித்த குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் அளவு மிகுந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இதற்குத் தீர்வாகவே ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைக்கப்பட்டு, 2013ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்டது. காவிரியைச் சுத்திகரித்து, மின்விசையால் மேட்டுநிலத்துக்கு ஏற்றி, இவ்விரு மாவட்டங்களுக்கும் கொண்டுவருகிறார்கள். குழந்தைகளின் பற்களையும் எலும்புகளையும் காக்க வரும் அந்த நீரைக் குளியலறையில் ஓடவிடுவது முறையாகுமா? அதைக் குடிக்கவும் சமைக்கவும் தனியே பிடித்து வைத்து, புழக்கத்துக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொள்வதே நெறி. அந்தக் கிணற்று நீரையும் அளவோடு எடுத்தால்தான் அடுத்த கோடையிலும் ஊறும்.

கணக்கைப் பார்ப்பது எளிது. 20 லிட்டர் வாளி ஒன்றை ஷவரின் கீழே வைத்து, அது நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் காணலாம். இரண்டு நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர். ஒருவர் பத்து நிமிடம் நின்றால் 100 லிட்டர். கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்குமாக ஜல் ஜீவன் திட்டம் வகுத்துள்ள அளவே 55 லிட்டர்தான்! அதே குளியல் ஒரு வாளியில் முடிந்தால் 80 லிட்டர் மிச்சம். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 400 லிட்டர். ஆண்டுக்கு 1,46,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பன்னிரண்டு வாசலில் வந்து நிற்பதற்கு ஒப்பாகும் இது.

முதியோருக்கு இங்கே ஒரு தயக்கம் எழுவதுண்டு. ஆசாரம் குறையுமோ என்பதே அது. தர்ம சாஸ்திரங்கள் ஸ்நானத்தை ஏழு வகையாகப் பகுத்துள்ளன. நீரில் மூழ்குவது வாருணம். மந்திரம் சொல்லி நீரைப் புரோட்சித்துக்கொள்வது மாந்திரம். திருநீறு அணிவது ஆக்னேயம். மண்ணைப் பூசுவது பௌமம். பசுக்களின் குளம்படித் தூசி மேலே படுவது வாயவ்யம். வெயிலோடு பெய்யும் மழையில் நனைவது திவ்யம். இறைவனை மனத்தால் தியானிப்பது மானசம். நோயுற்றோரும் தளர்ந்தோரும் வருந்தக் கூடாது என்ற கருணையே இப்பகுப்பில் விளங்குகிறது. ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிரில், எழுபது வயது கடந்தவர் தலைமுழுகித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கழுத்தளவு நீராடும் கண்ட ஸ்நானமும் மரபுக்கு உட்பட்டதே.

நடைமுறையும் இதற்கு இசைவாகவே உள்ளது. வழுக்காத முக்காலியில் அமர்ந்து சொம்பால் மொண்டு குளிப்பது, ஈரத்தரையில் நின்று ஷவரில் குளிப்பதைவிட முதியவருக்குப் பாதுகாப்பானது. நிறைந்த வாளியைத் தூக்காமல், அதைக் குழாயடியிலேயே வைத்து நிரப்பிக்கொள்ளலாம். கீசரில் வெந்நீர் வருமுன் ஓடும் குளிர்ந்த நீரை மற்றொரு வாளியில் பிடித்தால், துணி அலசவும் வாசல் தெளிக்கவும் ஆகும். சோப்புத் தேய்க்கும்போது குழாயை மூடிவிட வேண்டும். ஷவர்தான் வேண்டும் என்னும் பிள்ளைகளுக்கு, நீரோடு காற்றைக் கலந்து பொழியும் சிக்கன முகப்பை வாங்கிப் பொருத்தச் சொல்லலாம்.

பயன்படுத்திய நீரையும் வீணாக்காத வழியைத் திருக்கோயில்களே காட்டியுள்ளன. கருவறையில் அபிஷேகமான நீர் கோமுகி வழியே வெளிவந்து, பல தலங்களில் நந்தவனத்தைச் சேர்கிறது. இறைவன் திருமேனியைத் தழுவிய நீர் பூச்செடிக்குப் பாய்ந்து, மலராகி மீண்டும் அவன் திருவடிக்கே வருகிறது. வீட்டிலும் குளியலறை நீரைப் பின்புறத்து வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிட்டவர்களே நம் முன்னோர். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் நீர் விழுகிறது. அதை மண்ணுக்குள் இறக்குவது இன்றைய திருக்குளத் திருப்பணி.

இவற்றைப் பிள்ளைகளிடம் கடிந்து சொன்னால் காதில் ஏறாது. தாத்தாவும் பாட்டியும் ஒரே வாளியில் நிதானமாக நீராடி, திருநீறோ திருமண்ணோ துலங்கப் பூஜைக்கு வந்து அமர்வதைப் பேரப்பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கட்டும். ஏழு நதிகளின் பெயரையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். நதியைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய குழந்தை, அதைச் சாக்கடையில் ஓடவிடத் துணியாது.