விழுந்து எழுந்த ஈக்கள்



இம்மாதம் உங்களோடு ஓர் ஈயைப் பற்றிப் பேச ஆசை. வாழைத்தார் கனிந்ததும் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, கடுகளவு பழ ஈ, அதைத்தான் சொல்கிறேன்.

1973-இல் கனடாவின் வான்கூவர் நகரில், டேவிட் சுசுகியின் ஆய்வகத்தினர் வித்தியாசமான ஒரு பழ ஈயைப் பற்றி எழுதினார்கள். 20 டிகிரி வெப்பத்தில் அது மற்ற ஈக்களைப் போலவே நடக்கும், பறக்கும். 29, 30 டிகிரியைத் தொட்டால் ஓரிரு நிமிடங்களில் கால் ஓய்ந்து விழுந்துவிடும். குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் ஒன்றும் நடக்காதது போல எழுந்துகொள்ளும். ஷிபிரே என்று பெயரிட்டார்கள். சித்திரை வெயில் வரை போக வேண்டாம். எங்கள் அவிநாசியில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் உச்சிப்பொழுதை அந்த ஈ தாங்காது.

ஏன் விழுகிறது? நரம்பின் வழியே வரும் துடிப்பு அதன் நுனியை எட்டியதும், அங்கே காத்திருக்கும் நுண்பைகள் நுனியின் சவ்வோடு ஒட்டி வாய் திறக்கின்றன. உள்ளிருக்கும் வேதிப்பொருள் இடைவெளியில் கொட்டி அடுத்த செல்லைச் சென்று சேர்கிறது. பள்ளிப் பாடம் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். கொட்டிய பை என்ன ஆனது என்ற கேள்வியில்தான் எனக்கு இந்த விஷயம் பிடித்துப்போனது.

ஒரு பையின் விட்டம் ஏறத்தாழ 40 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் 25,000 பைகளை வரிசையாக அடுக்கலாம். மூளையின் சிறிய நரம்பு நுனியில் நூறு, இருநூறு பைகள்தான் இருக்கும். அவற்றின் புரதங்களோ செல்லின் உடலில் உருவாகின்றன. நம் முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை போகும் நரம்பு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். உள்ளே மிக வேகமாகப் போகும் சரக்கே நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர்தான் போகும் என்றால், புதுப் பை வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் இருப்பு தீர்ந்துவிடும். ஆகவே கொட்டிய பையின் சவ்வை நுனியே திரும்ப உள்ளே இழுத்து, மறுபடி பையாக்கி, வேதிப்பொருளை நிரப்பிக்கொள்கிறது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு நம் பகுதி கற்றுக்கொண்டதும் இதே கணக்குதான்: சாயத்தண்ணீரை நொய்யல் ஆற்றில் விடாமல் சுத்திகரித்து, அதே தண்ணீரையும் உப்புக் கரைசலையும் மறுபடி சாயத்தொட்டிக்கே கொண்டுவருவது.

ஷிபிரே ஈயில் இந்தத் திரும்ப இழுக்கும் வேலைதான் நின்றுபோகிறது. 1983-இல் கொசாகா, இகேடா இருவரும் விழுந்து கிடந்த ஈக்களின் நரம்பு நுனிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பைகள் தீர்ந்து போயிருந்தன. சவ்வில் பாதி உள்வாங்கிய குழிகள் மட்டும், அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. குழியின் கழுத்தைச் சுருளாகச் சுற்றி நெரித்து, பையைத் தனியே துண்டிக்கும் புரதம் டைனமின். சூட்டில் முடங்கியது அதுதான் என்று 1991-இல் தெரியவந்தது.

இந்தக் கதையில் நம் நாட்டவரின் பங்கு பெரியது; நம் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் 1962-இல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கிய ஒபைத் சித்திகி, அமெரிக்காவின் சீமோர் பென்சருடன் சேர்ந்து 1976-இல் இப்படிச் சூட்டில் விழும் ஈக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் வந்த இன்னொரு ஈக்கு கோமடோஸ் என்று பெயர். சூட்டில் விழுந்தால் எழ வெகுநேரம் எடுக்கும். பை ஒட்டி வாய் திறந்த பின் பின்னிக் கிடக்கும் புரதங்களைப் பிரித்து மறுபயனுக்குத் தரும் என்.எஸ்.எஃப். என்ற புரதம்தான் அந்த ஈயில் பழுது என்பது 1995-இல் தெரிந்தது. அதே புரதத்தைப் பிரித்தெடுத்த ஜேம்ஸ் ராத்மனுக்கு 2013 அக்டோபரில் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதைக் கேட்கச் சித்திகி இல்லை. அந்த ஜூலையில்தான் காலமானார்.

அதே டாடா நிறுவனத்தில் பணிபுரிந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். சி.வி. ராமனோடு ஒளிச்சிதறலை ஆராய்ந்த, இதே பெயருடைய வத்திராயிருப்புக்காரர் வேறு. இவர் ஈக்களோடு வாழ்ந்தவர். 1994-இல் இவரும் மணி ராமஸ்வாமியும் ரெஜிஸ் கெல்லியும் பைகள் திரும்புவதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி செய்தார்கள். வழி என்னவென்றால், சாயம்! சவ்வில் ஒட்டினால் மட்டும் ஒளிரும் ஒரு சாயத்தில் ஈப்புழுவின் நரம்பையும் தசையையும் நனைத்து நரம்பைத் தூண்டுவார்கள். உள்ளே திரும்பும் பை சாயத்தையும் எடுத்துக்கொண்டு போகும். வெளியே ஒட்டியதை அலசிவிட்டால், திரும்பி வந்த பைகள் மட்டும் ஒளிரும். ஷிபிரே புழுவைச் சூடாக்கினால் சாயம் உள்ளே போவதில்லை. குளிர வைத்தால் போகும். டைனமினுக்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதையும் கிருஷ்ணன் தேடினார்; அந்த விடை 2001-இல் வெளிவந்தது. பிற்காலத்தில் நம் கடலோரத்துக் கூம்பு நத்தைகளின் நஞ்சு நரம்பை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். 2014-இல் மறைந்தார்.

ஈக்கு வந்தது நமக்கென்ன என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். டைனமின் மரபணுவில் பிழையோடு பிறக்கும் சில குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடும் வலிப்பு வருகிறது. திரும்பிய பையின் மேலுறையைக் களைய உதவும் சினாப்டோஜானின் என்ற புரதம் பழுதானால் இளவயதிலேயே நடுக்குவாதம் வரக்கூடும். இரண்டும் 2013, 2014 ஆண்டுகளில்தான் மருத்துவ உலகுக்குத் தெரியவந்தன.

பை திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பதில் இன்றும் விவாதம் ஓயவில்லை. பல நொடிகள் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2013-இல் ஷிகேகி வாத்தனபேயும் எரிக் யோர்கன்சனும் நரம்பை ஒளியால் தூண்டி, கண்ணிமைப்பதற்குள் உறையவைத்துப் பார்த்தபோது, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள்ளேயே சவ்வு உள்ளே இழுக்கப்பட்டிருந்தது. எந்தச் சூட்டில், எந்த நரம்பில், பை திரும்பும் வேகமான வழி, மெதுவான வழி இரண்டில் எது முதன்மை என்பதெல்லாம் இன்னும் திறந்த கேள்விகள்.

பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். பழ ஈயைப் பற்றியோ நரம்பைப் பற்றியோ அவர்களுக்குத் தோன்றும் கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். விலங்கியல் பேராசிரியர்களிடம் விடை வாங்கி அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்